அகக்காழ்: கடைமடை நாட்டில் மரம் அறுத்த வரலாறு

தொல்காப்பிய மரபியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறேன். வயிரத்தை உள்ளே கொண்டவை மரம் என்றும், வெளியே கொண்டவை புல் என்றும் ஆசிரியர் காட்டிய பாகுபாட்டைக் கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்து விளக்குவது என் வழக்கம். மாணவியர் குறிப்பெடுத்துக்கொள்வர், தேர்வில் பிழையின்றி எழுதுவர், நானும் முழு மதிப்பெண் இடுவேன். ஆயினும், அகக்காழ் என்பதை நான் கண்ணால் முதன்முறையாகக் கண்டது 2018ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஒரு சிறிய மர அறுவை ஆலையில்தான்.

அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் நம் வட்டாரத்தை என்ன செய்தது என்பதை இம்மலரின் வாசகர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. என் புகுந்த வீட்டார் ஊரின் குளக்கரையில் பல தலைமுறைகளாக நின்றிருந்த இலுப்பை மரம் அன்று வேரோடு சாய்ந்தது. மூன்று வாரம் கழித்து ஊரார் கூடி அதனை விற்றனர். வாங்கியவர் விறகு வணிகர். விலை டன் கணக்கில். கிளைகளும் அடிமரத்தின் பெரும்பகுதியும் செங்கல் சூளைக்குப் போயின. ஊரில் இருந்த முதிய தச்சர் ஒருவர் மட்டும், "டீச்சரம்மா, இது விறகு இல்லை. இதைச் சூளையில் போட்டால் பாவம்" என்று மரம் விழுந்த மறுநாளே என்னிடம் சொல்லியிருந்தார். அவர் சொல்லைக் கேட்டு எழுந்து நடக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் எஞ்சியது எட்டடி நீளத் துண்டு ஒன்றே. அதனை விலைகொடுத்து மீட்டு ஆலைக்குக் கொண்டுசென்றோம். அந்தத் தாமதத்தின் கடனைச் சிறிதேனும் தீர்க்கும் முயற்சி இக்கட்டுரை.

காவிரிக் கடைமடையின் நெல்லைப் பற்றி எழுதியிருக்கிறோம். ஆற்றைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். மரத்தைப் பற்றி நாம் எழுதிவைத்தது மிகக் குறைவு. மரம் தன் வரலாற்றைத் தன் உள்ளேயே எழுதிவைத்துக்கொள்கிறது. அந்த ஏட்டைத் திறக்கும் இடம் அறுவை ஆலை. திறக்கும்போதே ஏடு கலைந்து பலகைகளாகப் பிரிந்து போகிறது. ஆகவே அங்கே ஒருமுறை படிக்கத் தவறினால் மறுமுறை இல்லை. இதனை உணர்த்துவதே என் நோக்கம்.

காழும் வெளிறும்

காழ், வயிரம், சேகு என்பன மரத்தின் முதிர்ந்த உட்பகுதிக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள். அதனைச் சூழ்ந்துள்ள வெளுத்த இளம்பகுதி வெளிறு. நிகண்டு நூல்கள் அகக்காழ் உடையதை ஆண்மரம் என்றும், புறக்காழ் உடையதைப் பெண்மரம் என்றும், காழ் அற்றதை அலிமரம் என்றும் பகுத்தன. தச்சர் வழக்கிலும் இப்பகுப்பு நெடுங்காலம் நின்றது. 'வைரம் பாய்ந்த உடம்பு' என்று நாம் இன்றும் சொல்லும்போது, மரம் அறுத்தவன் கண்டு சொன்ன சொல்லைத்தான் கடன் வாங்குகிறோம்.

இப்பாகுபாடு வெறும் இலக்கண மரபன்று. இன்றைய தாவரவியலும் பனை, தென்னை முதலியவற்றை ஒருவித்திலை இனத்தில் சேர்த்துப் புல்லின் உறவாகவே கொள்கிறது. அவற்றின் நடுவில் சோறு போன்ற மென்பகுதியும், புறத்தே கெட்டியான நார்ப்பகுதியும் இருக்கும். ஓலை, பாளை, ஈர்க்கு ஆகிய உறுப்புப் பெயர்களைத் தொல்காப்பியர் புல்லுக்கு உரியனவாகத் தனியே பிரித்துவைத்ததும் இதனோடு இயைந்து வருவது. நம் முன்னோர் பனையைப் பிளந்து புறத்தைக் கைமரமாகவும் சட்டமாகவும் ஆக்கினர். நடுவைக் குடைந்து எறிந்து, எஞ்சிய ஓட்டை வாய்க்கால் நீர் கடத்தும் தூம்பாக இட்டனர். வேலை தெரிந்தவர்க்கு நூற்பா தேவைப்படவில்லை.

கஜாவுக்குப் பின் இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்து கிடந்தபோது இவ்வுண்மை கண்ணீரோடு மெய்ப்பிக்கப்பட்டது. இத்தனை தென்னையையும் பலகையாக்கலாமே என்று வெளியூரார் பலர் கேட்டனர். தென்னையில் பயன்படும் கெட்டிப் பலகை புறத்தே சிறிதளவே கிடைக்கும். அப்புறப்பகுதியில் உள்ள மணற்சத்து வாளின் பல்லை விரைவில் மழுக்கிவிடும். நடுப்பகுதியோ காய்ந்தால் சுருங்கிப் போகும். உள்ளே வயிரம் தேடுமாறு அமைந்த ஆலை, வெளியே வயிரம் வைத்த மரத்தின்முன் கைகட்டி நிற்க நேர்ந்தது.

காடில்லாத நாட்டின் மரங்கள்

தஞ்சை வளநாட்டுக்கு மலை இல்லை, மலைக்காடும் இல்லை. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடும் கோடியக்கரையின் வறண்ட பசுமைக்காடுமே இப்பகுதியின் பெரிய காடுகள். அலையாத்திக் காட்டுக்கு அண்மையில் உள்ள தில்லைவிளாகம் தில்லை மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேதாரண்யம் என்னும் திருமறைக்காட்டின் பெயரிலேயே காடு இருக்கிறது. அங்கே வன்னி தலமரம். திருவிடைமருதூரில் மருதம், தஞ்சையை அடுத்த புன்னைநல்லூரில் புன்னை என ஊர்ப் பெயர்களை அடுக்கினால் ஒரு மர அட்டவணையே கிடைத்துவிடும்.

காடு இல்லாவிடினும், குளக்கரை, களத்துமேடு, கோயில் நந்தவனம், ஆற்றுப்படுகை ஆகியவை ஊருக்கு வேண்டிய மரத்தைத் தந்தன. எந்த மரம் எதற்கு என்பதில் ஐயம் இருந்ததில்லை. ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கருவேல். வண்டிச் சட்டத்துக்கும் வீட்டுத் தட்டுமுட்டுக்கும் பூவரசு. செக்குக்கு வாகை. இறைச்சிக் கட்டைக்கும் உலக்கைக்கும் புளி. நீரில் எளிதில் அழுகாத நாவல் கிணற்றின் அடிவளையத்துக்கு. படகுக்குப் புன்னை. தேருக்கும் கோயில் வாகனத்துக்கும் இலுப்பை. இலுப்பையின் விதையெண்ணெய் அதே கோயிலில் விளக்காக எரிந்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்னும் பழமொழியைச் சொல்லிச் சிரிக்கிறோம். பூவும் எண்ணெயும் தேரும் ஒரே மரத்தில் இருந்து வந்ததை மறந்துவிடுகிறோம்.

இலுப்பைக்கும் இம்மண்ணின் வரலாற்றுக்கும் உள்ள உறவுக்கு ஒரு சான்று போதும். நாகப்பட்டினத்தில் சோழர் காலப் புத்த விகாரையைச் சார்ந்ததாகக் கருதப்பட்ட பழைய கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் இடிந்த நிலையில் நின்றது. 1856ஆம் ஆண்டு ஏசுசபைத் துறவியர் அதன் அருகே இருந்த மிக முதிர்ந்த இலுப்பை மரம் ஒன்றை வீழ்த்தியபோது, அதன் அடியில் புத்தர் திருமேனிகள் கிடைத்தன. அதுமுதல் 1934 வரை அவ்வூரில் ஏறத்தாழ 350 புத்தப் படிமங்கள் வெளிப்பட்டன. கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. படிமங்களைப் பற்றி அறிஞர்கள் நூல் எழுதினர். அவை அருங்காட்சியகங்களில் இடம் பெற்றன. பல நூற்றாண்டு அவற்றைக் காத்து நின்ற மரமோ, அக்கண்டெடுப்பு நிகழ்ச்சிக்கு ஓர் அடிக்குறிப்பாக மட்டும் நின்றுவிட்டது.

ஊர் மரத்தால் நிறைவேறாத தேவைக்குக் கடல் வழியாக மரம் வந்தது. நாகப்பட்டினத் துறையில் இறங்கிய சரக்குகளுள் பாக்கோடு மரமும் ஒன்று. பர்மாவின் தேக்கு தஞ்சை மாவட்டத்தின் மாடவீடுகளுக்குத் தூணாகவும் உத்தரமாகவும் ஆயிற்று. அத்தேக்கின் பின்னும் ஓர் அரசியல் உண்டு. பம்பாய் பர்மா வணிகக் கழகம் வெட்டிய மரங்களைக் குறைத்துக் கணக்குக் காட்டியது என்று மாண்டலே அரசு 1885இல் பெருந்தண்டம் விதித்தது. அதனையே காரணமாகக் காட்டி ஆங்கிலேயர் படையெடுத்தனர். தீபா மன்னர் நாடிழந்து நாடு கடத்தப்பட்டார். திருவாரூர் வீதியில் நாம் சாய்ந்து உட்காரும் திண்ணைத் தூணுக்குள் ஒரு நாட்டின் வீழ்ச்சியும் அடங்கியிருக்கக்கூடும்.

நாகையில் இறங்கிய சரக்கு உள்நாடு செல்ல 1861இலேயே தஞ்சைக்கு இருப்புப்பாதை வந்துவிட்டது. 1894இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு மாயவரத்தில் இருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குப் பாதை அமைத்தது. அதுவரை மாட்டுவண்டியும் தோணியும் சுமந்த பெருமரங்கள் அதன்பின் இரயில் பெட்டியில் கடைமடைக்கு வரலாயின. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அவ்வரவு அறுந்தது.

வாளும் நூலும்

ஆலை வருமுன் மரம் அறுத்தவர் இருவர். குழி வெட்டியோ, முட்டுக்கட்டைகளின்மேல் மரத்தை ஏற்றியோ, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று நீண்ட இழுப்பு வாளை இழுத்தனர். மேலே நிற்பவர் கோட்டைக் காப்பவர். கீழே நிற்பவர் வாளை இழுத்துத் தருபவர். கண்ணிலும் மூக்கிலும் தூள் விழ, பகல் முழுதும் அண்ணாந்து உழைப்பவர். அறுக்குமுன் கரியிலோ காவியிலோ தோய்த்த நூலை மரத்தின்மேல் இழுத்துப் பிடித்துத் தெறித்துக் கோடு இடுவர். 'நூல் பிடித்தாற்போல' என்று நாம் நேர்மைக்குச் சொல்லும் உவமை அங்கே பிறந்தது.

நூலைவிட நுட்பமானது அளவு. நின்ற மரத்தை வாங்குபவரும் விற்பவரும் இன்றும் பின்பற்றும் கணக்கு, சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. எட்டடிச் சுற்றும் பத்தடி நீளமும் உள்ள மரத்துக்கு நாலில் ஒரு பங்கு இரண்டடி. இரண்டை இரண்டால் பெருக்கிப் பத்தால் பெருக்க 40 கன அடி. உண்மையில் அவ்வுருளையின் பருமன் ஏறத்தாழ 51 கன அடி. விடுபடும் 11 கன அடி, மரப்பட்டைக்கும் புறச்சீவலுக்கும் மரத்தூளுக்கும் கழிவு. இங்கிலாந்தில் எட்வர்டு ஹாப்பஸ் என்பவர் 1736இல் வெளியிட்ட வாய்பாட்டு நூல் இக்கணக்கைப் பரப்பியது. ஆங்கில ஆட்சியோடு வந்த அக்கணக்கு அந்த ஆட்சி போன பிறகும் மரவாடிகளில் அளவுநாடாவோடு வாழ்கிறது.

மின்சாரம் ஊர்ப்புறத்துக்கு வந்தபின் அறுவைக்குழி மறைந்து அறுவை ஆலை எழுந்தது. வட்ட வாள் ஒருபுறம் இருக்க, பெருமரத்தை அறுக்க வந்தது பட்டை வாள். தொழிலாளர் இதனை 'பேண்ட்சா' என்பர். மேலும் கீழுமாக அமைந்த இரு பெருஞ்சக்கரங்களின்மேல், முனை இல்லாத வார்போல் ஓடும் எஃகுப் பட்டையின் ஒரு விளிம்பில் பற்கள் இருக்கும். இவ்வமைப்புக்கு 1808இல் இலண்டனில் வில்லியம் நியூபெரி காப்புரிமை பெற்றார். எனினும் பட்டையின் இரு முனையையும் பொருத்திய இணைப்பு அறுந்துகொண்டே இருந்தமையால் அது நெடுங்காலம் பயன்படவில்லை. அவ்விணைப்பை உறுதியாகப் பற்றவைக்கும் முறையைக் கண்டு 1846இல் காப்புரிமை பெற்றவர் பாரிஸ் நகரத்து ஆன் பாலின் கிரெப்பென் என்னும் பெண்மணி. மரம் அறுக்கும் களத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

நம் ஊர்ப் பெண்களுக்கும் ஆலையோடு உறவு இருந்தது. தகர உருளையின் நடுவில் ஒரு புட்டியை நிறுத்திச் சுற்றிலும் மரத்தூளைக் கெட்டித்து, புட்டியை உருவி எடுத்துப் பற்றவைக்கும் மரத்தூள் அடுப்பு, எரிவாயு வருமுன் எத்தனையோ வீடுகளில் சோறு சமைத்தது. கோணிப்பையோடு ஆலை வாயிலில் நின்ற சிறுமியருள் நானும் ஒருத்தி. தேக்குத் தூளின் மணமும் வேப்பந்தூளின் கசப்பும் எனக்கு அன்று தெரியும். மரத்தின் பெயர்களை நான் முதலில் கற்றது மூக்கினால்தான்.

அறுவைக் களத்தில்

எங்கள் இலுப்பைத் துண்டை ஆலையில் இறக்கியபோது, மரம் அறுக்கும் மேஸ்திரி உடனே வாளைத் தொடவில்லை. முதலில் அடிவெட்டில் நீர் தெளித்துத் துடைத்தார். கரும்பலகையில் நான் வரைந்துவந்த வட்டம் அங்கே உயிரோடு இருந்தது. புறத்தே நான்கு விரல் அகலத்துக்கு வெளுத்த வெளிறு. உள்ளே செம்பழுப்பு நிறத்தில் இறுகிய காழ். அதனிடையே ஓரிடத்தில் மட்டும் கருநீலக் கறை. "உள்ளே இரும்பு இருக்குது, அம்மா" என்றார் மேஸ்திரி.

பட்டை வாளுக்குப் பகை மரத்தின் வயிரமன்று. மரம் விழுங்கிய இரும்பு. சாலையோரப் புளியில் விளம்பரத் தகட்டின் ஆணி இருக்கும். பேய் ஓட்டுவோர் தலைமயிரோடு அறைந்த ஆணி இருக்கும். வேலிக் கம்பி, மாடு கட்டிய வளையம் என எல்லாவற்றையும் மரம் சில ஆண்டுகளில் தன்னுள் மூடிக்கொள்ளும். ஓடும் வாள் அதில் பட்டால் பல் தெறிக்கும். பட்டையே அறுந்து ஆளைத் தாக்கவும் கூடும். அதனாலேயே ஊர் நடுவில் நின்ற பழைய மரங்களை ஏற்கப் பல ஆலைகள் தயங்குகின்றன. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் நீரில் கூடும்போது அக்கருநீலக் கறை தோன்றும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். மரம் தன் வயிற்றுக்குள் மை காய்ச்சிக் குறிப்பு எழுதி வைத்திருந்தது. அதனைப் படிக்கத் தெரிந்தவர் பட்டம் பெற்ற நானல்லேன்.

வாய்ச்சியாலும் உளியாலும் கொத்தி எடுத்தபோது கிடைத்தது ஒரு கொக்கி. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். என் மாமியார் அதனை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். ஆடிப்பெருக்கன்று குளக்கரையில் பெண்களுக்கு ஊஞ்சல் கட்டிய கொக்கி அது. அவர் மருமகளாக வந்த ஆண்டில் அது மரத்துக்கு வெளியே இருந்ததாம். ஊஞ்சல் நின்றது, மரம் கொக்கியை மூடிக்கொண்டது. கல்வெட்டிலும் பட்டயத்திலும் இடம்பெறாத ஊர்ப் பெண்களின் மகிழ்ச்சி, நான்கு விரல் ஆழத்தில் இலுப்பைக் காழுக்குள் இருந்தது.

அதன்பின் துண்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஆப்பு வைத்து இறுக்கினர். முதல் ஓட்டத்தில் பட்டையோடு கூடிய புறச்சீவல் விழுந்தது. மரத்தைத் திருப்பி மறுபுறம் சீவினர். மரத்தின் நடுப்புள்ளி பலகைக்குள் அகப்பட்டால் காயும்போது வெடிப்பு அங்கிருந்தே கிளம்பும். ஆதலால் அதனை ஒரு தனிச் சட்டத்துக்குள் ஒதுக்கி அறுத்தனர். பட்டை வாள் ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். இலுப்பையின் பிசின் வாளில் ஒட்டியதால் அடிக்கடி நிறுத்தித் துடைக்க வேண்டியதாயிற்று. தேக்கு என்றால் கால் மணியில் முடியும் வேலை, அரை நாள் எடுத்தது. அறுப்புக் கூலி மிகுதியாகக் கேட்டதில் வியப்பில்லை.

பச்சைப் பலகையை வெயிலில் போடலாகாது. முனைகளில் சாணமோ மெழுகோ பூசி, பலகைக்கும் பலகைக்கும் இடையே சிறு சட்டம் வைத்து, நிழலில் அடுக்கிக் காற்றாட விடல் வேண்டும். முற்காலத்தில் பூவரசையும் கருவேலையும் குளத்துச் சேற்றில் மாதக்கணக்கில் அமிழ்த்தி வைத்து, பூச்சி அரிக்காமல் பதமாக்கியபின் எடுத்து அறுத்தனர். மரத்துக்குக் காலம் கொடுக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பழைய மரமும் புதிய ஒலியும்

காலம் கொடுத்த மரத்தின் பெருமையை அறியக் கும்பகோணத்துக்குக் கிழக்கே, ஆடுதுறைக்கு அருகில் உள்ள நரசிங்கம்பேட்டைக்குச் செல்லவேண்டும். அங்கே நாகசுரம் செய்யும் கைவினைஞர் பயன்படுத்துவது ஆச்சா மரம். நீரில் மூழ்கும் அளவு கனமுடைய மரம் அது. புதிதாக வெட்டிய ஆச்சாவை அவர்கள் விரும்புவதில்லை. பல பத்தாண்டு காய்ந்து முதிர்ந்த தூண், உத்தரம் ஆகியவற்றை, இடிக்கப்படும் பழைய வீடுகளில் இருந்து தேடி வாங்குகின்றனர். அதனைச் சட்டமாக அறுத்து, கடைந்து, துளையிட்டு உலவு செய்கின்றனர். பச்சை மரத்தில் செய்த உலவு காய்ந்து பிளந்தால் சுருதி நிலைக்காது.

நாகசுர மேதை திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956), முன்னர் வழங்கிய குட்டையான திமிரி நாகசுரத்தினும் நீண்டு, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாகசுரத்தை வழக்குக்குக் கொண்டுவந்தார். அதனை அவருக்காகச் செய்து செம்மைப்படுத்தியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரத்தில் குடையும் தஞ்சாவூர் வீணைக்கு அது 2013இலேயே கிடைத்திருந்தது. இடிந்த வீட்டின் உத்தரம் விறகுக்கடைக்குப் போவதற்கும், திருமண வீட்டில் மங்கல ஒலியாக எழுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு, அம்மரத்தின் பெயர் அறிந்த ஒருவர் உரிய நேரத்தில் அங்கே நின்றாரா என்பது மட்டுமே.

பழைய மரம் அறிவியலுக்கும் ஏடாகிறது. வெப்பநாட்டு மரங்களுள் பெரும்பாலானவை தெளிவான ஆண்டு வளையம் காட்டுவதில்லை, தேக்கு காட்டும். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்கின் வளையங்களை அளந்து, கருவிகள் பதிவு செய்யத் தொடங்கு முன்னிருந்த பருவமழையின் ஏற்றத்தாழ்வை ஆராய்ந்துள்ளனர். நம் பழைய வீட்டு உத்தரம் ஒவ்வொன்றும் எங்கோ பெய்த மழையின் கணக்கை வைத்திருப்பதாகும்.

கஜாவுக்குப் பின்

இந்நிலையில் சிறிய அறுவை ஆலைகளின் போக்கும் மாறிவிட்டது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆணை, காடுகளில் அனுமதியின்றி மரம் வெட்டுவதைத் தடுத்து, அறுவை ஆலைகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. காடுகள் காக்கப்பட அது இன்றியமையாததாயிற்று. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று நம் கதவுக்கும் நிலைக்கும் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோட்டங்களில் வளர்ந்த தேக்கு கப்பலில் வருகிறது. ஒரே தடிமன், ஒரே நீளம், உள்ளே ஆணி இல்லை. ஆலைக்கு அது எளிது. கோணலும் கணுவும் உடைய இலுப்பையும் நாவலும் மருதமும் 'நாட்டு மரம்' என்ற ஒரே பெயரில் ஒதுக்கப்பட்டுவிட்டன. பல பெயர்கள் ஒரு பெயராவது ஒரு மொழிக்கு நேரும் இழப்பென்பதைத் தமிழ் படித்தோர் உணர்வர்.

1952, 1977 ஆகிய ஆண்டுகளின் நவம்பர்ப் புயல்களும் இம்மாவட்டத்தின் மரங்களைச் சாய்த்தன. அன்று மரத்தை இனம்கண்டு பயன்படுத்தும் தச்சரும் வண்டிப்பட்டறையும் செக்கும் ஊர்தோறும் இருந்தமையால், வீழ்ந்தது வேறொன்றாக எழ வழியிருந்தது. 2018இல் வண்டியும் இல்லை, ஏரும் இல்லை, செக்கும் அரிது. நிவாரணப் பணிக்குச் சாலையைத் திறக்க வேண்டிய அவசரத்தில் சங்கிலி வாள்கள் மரங்களை மூன்றடித் துண்டுகளாக்கின. மூன்றடித் துண்டு பலகை ஆகாது; விறகே ஆகும். அவசரத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. சாலையை விட்டு விலகிக் குளக்கரையில் கிடந்த மரத்துக்கும் அதே கதி நேர்ந்ததற்கு அவசரம் காரணமன்று. நம் அறியாமையே காரணம்.

கஜா அடித்த மூன்றாம் வாரம், டிசம்பர் 6ஆம் நாள், திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் ஜெயராமன் மறைந்தார். அழிந்து கொண்டிருந்த பாரம்பரிய நெல் வகைகளில் 170க்கும் மேற்பட்டவற்றைத் தேடி மீட்டு, ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்திப் பரப்பியவர் அவர். அவர் பிறருக்குக் கொடுத்த ஒரு பிடி விதை அடுத்த ஆண்டே வயலாயிற்று. மரத்துக்கு அவ்வாறு ஓர் ஆண்டில் மீட்சி இல்லை. ஆயின் அவர் செய்த முதல் வேலை நமக்கும் இயலும். அது பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது.

நிறைவாக

நம் இலக்கிய வட்டத்துக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். வட்டாரத்தில் ஒரு முதிய மரம் விழுந்தாலும், ஒரு பழைய வீடு பிரிக்கப்பட்டாலும், வாள் இறங்குமுன் நம்முள் ஒருவர் அங்கே செல்லவேண்டும். மரத்தின் பெயர், நின்ற இடம், சுற்றளவு, அதனைப் பற்றி ஊரார் சொல்லும் செய்தி, அறுக்கும்போது உள்ளே கண்டது ஆகிய இவ்வைந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதவேண்டும். இயன்றால் அடிவெட்டில் ஒரு வட்டு அறுத்து அருகிலுள்ள பள்ளிக்குத் தரவேண்டும். அறுப்பவரும் தச்சரும் வழங்கும் சொற்களை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்யவேண்டும். வாய்ச்சி என்ற சொல்லை அகராதியில் மட்டும் அறிந்த தலைமுறை என் வகுப்பில் அமர்ந்திருக்கிறது.

எங்கள் எட்டடித் துண்டில் ஐந்து பலகைகள் தேறின. ஓராண்டு நிழலில் காய்ந்தபின் அம்முதிய தச்சரே அவற்றை இழைத்து, ஊர்க் கோயிலின் விளக்குமாடத்துக்குக் கதவு செய்தார். மிஞ்சியதில் அறுத்த ஒரு வட்டு என் வகுப்பறையில் இருக்கிறது. மரபியல் நடத்தும் நாளில் இப்போது நான் கரும்பலகையில் வட்டம் வரைவதில்லை. அதனை மாணவியர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் முதலில் மோந்து பார்க்கிறார்கள். பிறகு வெளிற்றையும் காழையும் விரலால் தொட்டு வேறுபாடு அறிகிறார்கள்.

சாய்ந்த மரத்தின் குழியருகே இலுப்பைக் கன்று ஒன்று நட்டிருக்கிறோம். இலுப்பை பூத்துக் காய்க்கத் தொடங்க ஏறத்தாழப் பத்தாண்டு ஆகும் என்பர். நம் வட்டமும் பத்தாண்டு நிறைவுற்று இப்போதுதான் பூக்கும் பருவம் எய்தியுள்ளது. காழ் ஏறுவதற்கு இன்னும் நெடுங்காலம் வேண்டும். அதுவரை நீர் வார்ப்போர் குறையாதிருக்க வாழ்த்துகிறேன்.